துருவும் எஸ்னாட்டும்

இந்த மழைக்கு முன்னால் அந்த டிராக்டரை ஓட வைத்தே தீருவேன் என்று ஆகஸ்ட் மாதம் சபதம் செய்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

டிராக்டர் என் மாமனாருடையது. அவர் போனதிலிருந்து பதினோரு வருடமாகக் கொட்டகையில் கிடந்தது. போன வருடம் நோய் வந்து எங்கள் உழவு மாடுகள் நான்கும் செத்துப்போயின. இருப்பது பத்து ஏக்கர் சோளக்கொல்லை. டிராக்டர் ஓடினால்தான் உழவு. இல்லையென்றால் எங்கள் ஊரான மோன்ஸே பக்கம் எல்லாரும் அறுக்கும்போது நாங்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

மூன்றே நாளில் பிரித்துவிட்டேன். ஸ்பானரைத் திருப்பினால் எல்லாம் கழன்றுவிடும், நம் தோள்மூட்டு உட்பட. நானூறு சாமான்களையும் தரையில் பரப்பி வைத்த பிறகுதான் உண்மை உறைத்தது. எனக்குக் கழற்றத் தெரியும். மாட்டத் தெரியாது.

இதை மனைவியிடம் சொல்வதா? இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்திய எந்தப் புருஷனும் சொல்ல மாட்டான். ஆகவே, கழுவ ஆரம்பித்தேன்.

டீசலில் ஊறப்போட்டேன். கம்பி பிரஷால் தேய்த்தேன். உப்புத்தாள் போட்டேன். அப்போதும் துரு போகாத பல்சக்கரங்களுக்கு, என் மனைவி எஸ்னாட் கஞ்சியில் கரைக்க வைத்திருந்த புளியை எடுத்துப் பூசினேன். பல்சக்கரம் மின்னியது. கஞ்சி சப்பென்று இருந்தது.

“சிபேகோ அப்பா, இன்னும் எத்தனை நாளு?” என்பாள். எங்கள் மூத்த பிள்ளை பெயரை வைத்துத்தான் என்னைக் கூப்பிடுவாள்.

“துரு இருக்கு எஸ்னாட். துருவோட மாட்டினா என்ஜின் நின்னுபோகும்.”

“இப்ப மட்டும் ஓடிக்கிட்டா இருக்கு?”

அக்டோபரில் எல்லாம் சுத்தமாகிவிட்டது. அங்கேதான் ஆபத்து. கழுவ ஒன்றுமில்லை என்றால் மாட்டச் சொல்வாள். எனவே ஒரு திட்டம் போட்டேன். காலையில் கழுவுவது, சாயங்காலம் உப்புத் தண்ணீரில் முக்கி ஈரத்தோடு விட்டுவிடுவது. மறுநாள் பார்த்தால் புதுத் துரு பூத்திருக்கும். மறுபடியும் கழுவலாம். அலுப்புதான். ஆனால் மானம் தப்பியது.

ஒரு நாள் எஸ்னாட் சோளமாவில் நிஷிமாக் களி கிண்டிக்கொண்டே கேட்டாள்.

“உப்பு எங்க போச்சு?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“ரெண்டு கிலோ வாங்கினேன். கீரையிலயும் இல்ல, மீன்லயும் இல்ல.”

“ஆடு நக்கியிருக்கும்.”

“டப்பாவத் திறந்து நக்கிட்டு, திரும்ப மூடியும் வெச்சிருக்கு. நல்ல ஆடு.”

துருவைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. கொட்டகைக்கு வந்தாள். ஒரு பல்சக்கரத்தை விரலால் தடவினாள். விரலை நாக்கில் வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அவள் திட்டினால் தூறல். சும்மா இருந்தால் புயல்.

மறுநாள் அதைவிட மோசம். சிரித்துக்கொண்டே வந்தாள்.

“கலோமோவுல என் தம்பி மகனுக்குப் பொண்ணு கேக்கப் போறாங்க. பேசறதுக்கு விவரமான ஆளு வேணும், மச்சான் வந்தே ஆகணும்னு தம்பி சொல்றான்.”

“கழுவுற வேலை கெடக்கே?”

“துரு எங்க போயிடப்போகுது? நீங்க இருக்கற வரைக்கும் அதுவும் இருக்கும்.”

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

எட்டு நாள் கழித்துத் திரும்பினால் கொட்டகை காலி. கொல்லைப் பக்கம் ‘தடதட’ என்று சத்தம். ஓடினேன். டிராக்டர் உழுதுகொண்டிருந்தது. ஓட்டியது எஸ்னாட். பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்திருந்தவள் லவ்னஸ். மாவு மில் நடத்துகிறவள். மில்லின் டீசல் என்ஜினை வருடா வருடம் தானே பிரித்து மாட்டுகிறவள்.

“அண்ணே, வாங்க!” என்று கத்தினாள் லவ்னஸ். “அத்தனையும் பளபளன்னு வெச்சிருந்தீங்க. அக்காவும் நானும் மேலாக்க இருந்த உப்பையும் புதுத் துருவையும் மட்டும் கழுவினோம். அஞ்சே நாள்ல மாட்டிட்டோம்!”

“மாட்டிட்டீங்களா?”

“ஆமா, எல்லாம் மாட்டியாச்சு,” என்றாள் எஸ்னாட், என்ஜினை நிறுத்தாமலே. “நீங்க உட்பட.”

“உனக்கு எப்போலேர்ந்து டிராக்டர் ஓட்டத் தெரியும்?”

“எங்கப்பா டிராக்டருங்க இது. பதினாறு வயசுலயே ஓட்டினேன். நீங்க ஒருநாளும் கேக்கலியே.”

அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். பின்னால் கறுப்பு மண் புரண்டு புரண்டு விழுந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. மானம் போனால் என்ன, இனி ஓய்வு உண்டே என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலையில் முற்றத்தில் ஏழு பெண்கள். ஒருத்தி தலையில் ரேடியேட்டர். ஒருத்தி தள்ளுவண்டியில் கியர்பெட்டி. ஒருத்தி மாட்டுவண்டியில் முழு என்ஜினையே ஏற்றி வந்திருந்தாள்.

“என்ன எஸ்னாட் இது?”

“மில்லுல மாவரைக்க வந்தவங்ககிட்ட உங்களப் பத்திப் பெருமையாச் சொன்னேன். ஒரே சாமானை மூணு மாசம் கழுவுவார், அலுக்கவே அலுக்காதுன்னு. எல்லாருக்கும் உங்க கைதான் வேணுமாம்.”

“எனக்கு முதுகு வலிக்குதும்மா…”

“உக்காந்து செய்யற வேலைதானே?”

மழை வந்துவிட்டது. சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது. நான் நான்காவது என்ஜினில் இருக்கிறேன். என் விரலில் ரேகை கிடையாது. நேற்று மானத்தை விட்டுக் கேட்டேவிட்டேன்.

“எஸ்னாட், நானும் உன்கூடக் களையெடுக்க வரட்டுமா?”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“முன்ன பின்ன அனுபவம் ஏதாவது இருக்கா?”