முள் நடுங்கினால் கண்ணூறு

கல்முனைக் கடற்கரை வீதியில் ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு கார்கள் வரிசை கட்டி நின்றன. மிஹ்லார் என்றொருவர் காருக்குப் பட்ட கண்ணூறு, அதுதான் கண் திருஷ்டி, எடுக்கிறாராம்! அதுவும் மீற்றர் வைத்து! மீற்றர் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் அல்லவா!

எங்கள் கார் வேகமெடுத்தால் அம்பாறை வீதியில் வயல் நடுவே நின்றுவிடும். மனைவி மர்ஷூதா அம்பாறை ஆசுபத்திரியில் தாதி. ஆளில்லாத அந்த வீதியில் தனியாக ஓட்டிப் போகிறவள். எனக்கு அது தீராத பயம்.

எங்கள் முறை வந்ததும் மர்ஷூதா இன்ஜினை ஓடவிட்டாள். மிஹ்லார் பொனட்டைத் திறந்து, புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சரின் வயரில் மீற்றரைக் கொளுவினார். முள் இடமும் வலமும் துள்ளியது.

“பாத்தீங்களா சேர்? நடுங்குது. பெரிய கண்ணூறு.”

“ஓம், ஓம்!” என்றேன். பட்டதாரியாயிற்றே, சட்டென்று விளங்கிவிட்டது.

அவர் சென்சரைத் துணியால் மூடி, ஏதோ முணுமுணுத்து, கறுப்பு நூல் கட்டினார். முள் நடுவில் அசையாமல் நின்றது. “மாஷா அல்லாஹ்!” என்றது கூட்டம். முதல் குரல் என்னுடையது.

மர்ஷூதா மட்டும் முகம் சுளித்தாள். “எங்கட வாட்டுல மொனிட்டர்ல கோடு நேராப் போனா ஆள் சுகம் எண்டு செல்ற இல்ல. ஒண்டு மௌத்து, இல்லாட்டி வயர் கழண்டிரிக்கும்.”

“மிஸ், இது ஆசுபத்திரிச் சாமான் இல்ல,” என்றார் மிஹ்லார்.

அவள் இன்ஜினை நிறுத்தினாள். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் பாதி திருப்பினாள். முள் அப்போதும் நடுவில்தான்.

“இஞ்சினே ஓடல்ல. இப்பவும் சுகமா இரிக்கா?”

துணியை விலக்கினாள். நூலுக்கு அடியில் சென்சரின் பிளக் கழன்று தொங்கியது.

“கை பட்டிரிக்கும்,” என்றார் மிஹ்லார். வைத்தியம் முடித்திருந்த கார்களின் பொனட்டுகள் மளமளவென்று திறந்தன. எல்லாவற்றிலும் கை பட்டிருந்தது! மிஹ்லார் மீற்றரையும் மறந்து ஓடினார்.

பாண்டிருப்பில் கராஜ் வைத்திருக்கும் கிசோக்கிடம் போனோம். “முள்ளு துள்ளுறதுதான் நல்லம், சேர். பிளக் கழண்டாத்தான் நடுவில நிக்கும்,” என்றார் அவர். “உங்கட சென்சர் நெரோபாண்ட். பெற்றோல் கூட, குறைய எண்டு மாறி மாறிச் சொல்லும். எவ்வளவு எண்டு சொல்லத் தெரியாது. அதுக்குத்தான் வைட்பாண்ட்.”

“நெத்தில கைய வெச்சிப் பாக்கிறதும் தேமாமீற்றர் வெக்கிறதும் போல,” என்றாள் மர்ஷூதா. எனக்கு விளங்க வேண்டுமே!

கிசோக் வைட்பாண்ட் பூட்டி ஓட்டிப் பார்த்தார். வேகம் கூடக்கூட இலக்கம் ஏறியது. அப்படி ஏறினால் இன்ஜினுக்குப் பெற்றோல் போதவில்லை என்று அர்த்தமாம். பெற்றோல் பில்டரில் அடைப்பு. மாற்றியதும் அம்பாறை வரை நிற்காமல் ஓடியது.

ஒரு சாவியைத் திருப்பிப் பார்க்கப் பட்டம் தேவையில்லை. என்னிடம் பட்டம் இருந்தது. திருப்பிப் பார்க்கத்தான் தோன்றவில்லை. நீங்கள் படிக்காதவர்கள் என்றால் பயமில்லை. என்னைப் போல் படித்தவர்கள் என்றால், தயவுசெய்து கொஞ்சம் யோசியுங்கள்.