ஆறு அடுப்பு பங்களா

சிரம்பான்
1956

சிவமயம்.

மதிப்பிற்குரிய அண்ணன் மெய்யப்பன் அவர்களுக்குத் தம்பி சோலையப்பன் வணங்கி எழுதுவது. இங்கு நான் நலம் என்று எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை உங்கள் நலத்தையும் வீட்டில் அண்ணமிண்டி நலத்தையும் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெரிய துரை பங்களாவில் உங்களைப் பங்கு சேரச் சொன்னவன் நான்தான். காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து துரை கப்பலேறிவிட்டார், அந்தக் காலத்து மாளிகை, ஆறு வீடாகத் தடுத்தால் உட்கார்ந்த இடத்தில் வாடகை வரும் என்று எழுதினேன். தடுக்கும்போதே புத்தி வந்திருக்க வேண்டும். துரை கோலால் பந்தடித்த பெரிய மேசை வாசல் வழியே வெளியே வர மறுத்ததால் பலகைச் சுவரை அதன் நடுவிலேயே ஏற்றினேன். ஒரு பாதியில் தோட்டத்துக் கணக்கெழுதும் தங்கராஜு கிராணி படுக்கிறார், மறு பாதியில் சீனத் தையற்காரர் துணி வெட்டுகிறார், கத்தரி விழுந்தால் கிராணி எழுந்துவிடுகிறார்.

அதையாவது பொறுக்கலாம். நான் செய்த பெரிய பிசகு அடுப்பு. நம் ஊரில் ஒரே கூரைக்கடியில் உங்கள் அடுப்பு வேறு, என் அடுப்பு வேறு. அடுப்பை வைத்துத்தானே குடும்பத்தை எண்ணுகிறோம். அந்த நினைப்பில் ஆறு அடுப்பு கட்டி, ஆறிலும் பால் காய்ச்சி, ‘அடுப்புக்கு ஒரு வாடகை’ என்று வாசலில் பலகையும் மாட்டினேன். மறுமாதமே சர்க்கார் உத்தரவு. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு அரிசி போகக்கூடாதாம். யார் வீட்டிலும் அரிசி வைக்கக்கூடாது, முள்வேலி போட்டு அதற்குள் எல்லாருக்கும் ஒரே பொது அடுப்பில் சோறு. வாடகைக்குப் போனால் பால்வெட்டுக்குப் போகும் குடித்தனக்காரி பஞ்சாலை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஒரு அடுப்புதானே எரியுது செட்டியாரே, அப்ப ஒரு வாடகைதான்லா. பலகையில நீங்கதானே எழுதிப் போட்டீங்க.”

படித்தவர் நியாயம் சொல்வார் என்று கிராணியைப் பார்த்தேன். “அந்தம்மா சொல்றது சரிதாங்க,” என்றார்.

அண்ணே, சண்டையில பர்மாவில விட்டது போக மிஞ்சினதை என்னை நம்பிக் கொடுத்தீங்க. அதையும் கொண்டுபோய் அடுப்புல போட்டுட்டேன். மனசு ஆறவே இல்லை. விற்பனைப் பத்திரம் இத்தோட வச்சிருக்கேன், கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, கேட்ட விலைக்குத் தள்ளிடறேன். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். பிள்ளையார் உங்களையாவது காப்பாற்றட்டும்.

தங்கள் தம்பி,
சோலையப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சேதி வந்தது, உத்தரவை எடுத்துட்டாங்களாம். ஆறு அடுப்பையும் பத்தவைக்கத் தீப்பெட்டியோட ஓடினேன். கிராணி வீட்டு அடுப்புல கோழி அடை உட்கார்ந்திருக்கு, எழுப்பக்கூடாதாம். மத்தவங்க அவங்கவங்க அரிசியை எடுத்துக்கிட்டுப் பொது அடுப்புக்கே போறாங்க. “தனித்தனியா ஊதி என்னாத்தக் கண்டோம்? நீங்களும் ஒக்காருங்க செட்டியாரே,” என்று பஞ்சாலை இலை போட்டாள். சாப்பிட்டேன். பக்கத்துப் பக்கத்து அடுப்பில் சாப்பிட்ட நீங்களும் நானும் ஒருநாளும் இப்படிச் சேர்ந்து உட்காரவில்லையே என்று நினைத்துக்கொண்டே மறுசோறு வாங்கினேன். பத்திரத்தை உறையிலிருந்து எடுத்துக் கிழிச்சிட்டேன். இவங்க கணக்குப்படி நானும் இப்ப அந்த அடுப்புக் குடித்தனக்காரன். வீட்டுக்காரர்னு மிச்சம் நீங்க ஒருத்தர்தான். வாடகை வாங்க நீங்களே கப்பலேறி வாங்க. உங்களுக்கும் இலை போடச் சொல்லியிருக்கேன். நீங்களும் சாப்பிட்டுட்டா அந்த ஒரு வாடகையை வாங்கவும் ஆள் இருக்காது. பரவாயில்லை, வாங்க.