சர் ஹாக்ஸ்டனுக்குக் காஞ்சியில் எடுத்த சிலை

உலக நாடகக் கலையின் தலைமையகம் லண்டனில் இருப்பதாகப் பலர் இன்னமும் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அறுபதுகளின் கடைசியில் அது காஞ்சிபுரத்தில், ஒரு பட்டுச் சேலைக் கடையின் மாடியில் இருந்தது. கீழே முகூர்த்தப் புடவைகள். மேலே 'சர் ரெஜினால்ட் ஹாக்ஸ்டன் நாடகக் கலா ரசிகர் சபை'. அதன் நிறுவனர், செயலாளர், ஆயுள் உறுப்பினர், ஆராய்ச்சியாளர், குடிதண்ணீர்ப் பானையின் பொறுப்பாளர் எல்லாம் கடை முதலாளி கோதண்டபாணி ஒருவரே. பதவிகளைப் பங்கு போட்டால் ரசனை நீர்த்துப்போகும் என்பது அவருடைய கொள்கை.

சர் ஹாக்ஸ்டன் இங்கிலாந்தின் மாபெரும் மேடை நடிகர், திரை நடிகர். கோதண்டபாணி அவரை மேடையில் பார்த்ததில்லை. திரையிலும் பார்த்ததில்லை, மதராஸில் அவர் படம் ஓடிய வாரங்களில் எல்லாம் கடையில் கல்யாண வியாபாரம் குறுக்கிட்டது. இந்தச் சின்னக் குறையை அவருடைய மனைவி தையல்நாயகி மட்டும் அவ்வப்போது கிளறுவாள்.

"அந்த வெள்ளக்காரரு நடிச்ச படம் ஒண்ணாவது பாத்துக்கீறீங்களா?"

"பார்க்கிறவன் வெறும் ஜனம். நான் ரசிகன்."

"பாக்காமயே எப்பிடிங்க ரசிக்கிறது?"

"நீ கடவுள பாத்துட்டா கும்புட்டுக்கினு இருக்கிற?"

அடுப்பில் பால் பொங்கும். விவாதம் அத்துடன் கோதண்டபாணிக்குச் சாதகமாக முடியும்.

சபையின் ஆண்டு விழாக்களில் 'சர் ஹாக்ஸ்டன்: வாழ்வும் கலையும்' என்ற தலைப்பில் அவர் ஆற்றும் சொற்பொழிவு புகழ்பெற்றது. மூர் மார்க்கெட்டில் எடைக்கு வாங்கிய ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து திரட்டிய சரித்திரம் அது. ஹாக்ஸ்டனின் தகப்பனார் லங்காஷயரில் ஒரு துணி ஆலையில் மேஸ்திரி. "ஆகவே நெசவாளர் குடும்பம்! ஒரு வகையில் நம்மவர்!" என்று கோதண்டபாணி முழங்கும்போது பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் கைதட்டுவார்கள். அந்த ஆலைத் துணி கப்பலேறி வந்து இங்கே யார் யார் தறியை மூட வைத்தது என்பதெல்லாம் கலை விமர்சனத்தில் சேராது.

பதினாறு வயதில் ஹாக்ஸ்டன் மேடையேறினார். கையில் ஈட்டியோடு ஓரமாக நின்றார், வசனம் கிடையாது. கோதண்டபாணி இதை 'மௌன நடிப்பின் உதயம்' என்றார். பிறகு கதாநாயகன் ஆனார். ஒருநாள் நன்றாகக் குடித்துவிட்டு மேடையிலிருந்து வாத்தியக்காரர்கள் மீது விழுந்தார். 'கலைஞனுக்கும் சபைக்கும் இடையே இருந்த தூரத்தை உடைத்தெறிந்தார்.' மூன்று கல்யாணம் செய்து மூன்றையும் ரத்து செய்தார். 'இல்லறத்தில் ஆழ்ந்த அனுபவம் உள்ளவர்.' யுத்தம் வந்தபோது பட்டாளத்துக்குப் போகாமல் பட்டாளத்துக்காரனாகப் படங்களில் நடித்தார். ஒரு கீறல்கூடப் படாமல் யுத்தத்தை ஜெயித்தார். ராணியம்மாள் 'சர்' பட்டம் கொடுத்தார். வயதான பிறகு உடம்பெல்லாம் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு கீழை நாட்டு ராஜாவாக நடிப்பதே தொழிலாயிற்று. நம் நாட்டில் ராஜாக்களுக்கா பஞ்சம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் ரசனை இல்லாதவன் என்று பெயர்.

ஒரு வருஷம் பேச்சின் வேகத்தில், "நண்பர் ஹாக்ஸ்டன் என்னிடம் சொன்னதுபோல" என்று ஒரு வார்த்தை வாய் தவறி வந்துவிட்டது. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்த வருஷம் அது 'ஆருயிர் நண்பர்' ஆயிற்று. அதன் பிறகு கல்யாண வீடுகளில் கோதண்டபாணிக்கு முதல் வரிசை, பெரிய மனிதர்கள் அவரிடம் "உங்க ஃபிரெண்டு சவுக்கியமா?" என்று விசாரித்தார்கள். "ஜலதோஷம்" என்பார், வருத்தத்துடன்.

பெரிய நட்புக்கு ஒரு பெரிய கட்டடம் வேண்டாமா? பிள்ளையார்பாளையத்தின் ஓரத்தில் ஒரு பொது மைதானம் இருந்தது. வருஷா வருஷம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்தும், கடைசி நாள் காலையில் படுகளமும் அங்கேதான் நடக்கும். பங்காளிகளுக்கு ஊசிமுனை நிலம்கூடத் தரமாட்டேன் என்று சாதித்த ராஜாவை அன்று மண்ணால் மல்லாந்து படுத்த கோலத்தில் பிரம்மாண்டமாகச் செய்து, வர்ணம் தீட்டி, கூத்து முடிவில் தொடையில் அடித்து வீழ்த்துவார்கள். அந்த மைதானத்தில் 'ஹாக்ஸ்டன் அரங்கம்' எழுப்ப வேண்டும் என்று கோதண்டபாணி தாசில்தாருக்கு மனுப் போட்டிருந்தார். கூத்து என்பது காட்டுக்கூச்சல். கலை வளர அது ஒழிய வேண்டும் என்பது மனுவின் சாரம்.

தாசில்தார் நியாயமானவர். "உங்க ஃபிரெண்டு ஒருவாட்டி நேர்ல வந்து எடத்த பாத்துட்டாருன்னா, நான் அத சபைக்கு எழுதிடுவேன்" என்றார்.

அந்த வருஷம் சர் ஹாக்ஸ்டன் மெய்யாகவே மதராஸுக்கு வந்துவிட்டார், ஒரு மகாராஜா வேஷத்துக்கு. ஆருயிர் நண்பர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறு கிடையாது. ஊரே "எப்ப கூட்டியாறீங்க?" என்று கேட்டது. கோதண்டபாணி வியர்த்து விறுவிறுத்து ஹோட்டலுக்கு ஓடினார். அறை வாசலில் இருந்த ஹாக்ஸ்டனின் மானேஜர், 'சர்' எந்த ஊருக்கும் போவதில்லை, கோயில்களைப் பார்த்தால் அவருக்குத் தலைவலி வரும் என்றார்.

"எங்கள் ஊரில் அவருக்கு முப்பது முழத்தில் சிலை எடுத்திருக்கிறோம்" என்றது கோதண்டபாணியின் நாக்கு. அப்படிச் சொல்லும்படி அதை அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

உள் அறைக் கதவு திறந்தது. தூக்கக் கலக்கத்துடன் சர் ஹாக்ஸ்டனே வந்து, நாளைக் காலையில் தமக்கு வேலை இல்லை என்று தெரிவித்தார்.

நாளைக் காலையில்தான் படுகளம்! ஊரில் முப்பது முழத்துக்கு இருந்த ஒரே உருவம் மைதானத்தில் படுத்திருந்த மண்ராஜா. சாயங்காலம் கோதண்டபாணி முதல்முறையாக அந்த மைதானத்தில் கால் வைத்தார். பகலில் தறி நெய்து, கூத்தில் அந்த ராஜா வேஷம் கட்டும் கண்ணாயிரம், மண்ராஜாவின் கண்ணுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்.

"கண்ணாயிரம், ஒரு ஒத்தாசை. நாளைக்கு என் விருந்தாளி வந்து இத பாத்துட்டு போறவரைக்கும் நீங்க இத ஒடைக்கக் கூடாது."

"காப்பு கட்டிக்கினு கீறோம் மொதலாளி. வெயில் ஏறதுக்குள்ள முடிச்சாவணும்."

"கொஞ்ச நேரம்தாம்பா! நீ செஞ்சா மைதானத்து மேல போட்ட மனுவ நான் வாபஸ் வாங்கிடறேன்."

கண்ணாயிரம் சுண்ணாம்புக் கையை இடுப்புத் துண்டில் துடைத்தார். அந்த மைதானம் போனால் படுகளத்துக்கு ஊரில் வேறு இடமில்லை. அவர் இதற்காகத் தாலுகா ஆபீசு வராந்தாவில் நின்ற நாட்கள் கொஞ்சமல்ல.

"அம்மன் மேல ஆணையா?"

"கலை மேல ஆணை!"

"ரெண்டு மேலயும் சொல்லுங்க."

கோதண்டபாணி இரண்டின் மேலும் ஆணையிட்டார். பாவி மனுஷன், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"சரி. அவரு கொஞ்சம் முன்ன பின்ன வந்தாலும் பொறுத்துக்கிறோம். ஆனா மேளம் அடிச்சிட்டாங்கன்னா அப்பால எங்க கையில இல்ல" என்றார் கண்ணாயிரம்.

மறுநாள் காலை சர் ஹாக்ஸ்டன் வெள்ளைக் கால்சட்டை, வைக்கோல் தொப்பி, ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் சகிதம் வந்து இறங்கினார். மண்ராஜாவைப் பார்த்தார். அவர் கண் கலங்கிற்று. தம்மை இவ்வளவு பெரிதாக நினைத்த ஒரே ஆள் அதுவரை அவர் மட்டும்தான்.

"நான் ஏன் படுத்திருக்கிறேன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மிகப் பெரியவர்களை இந்த ஊரில் படுக்க வைப்பதுதான் வழக்கம். பெருமாளே எங்கள் கோயிலில் படுத்துக்கொண்டுதான் இருக்கிறார்" என்றார் கோதண்டபாணி.

"எனக்கு மீசை கிடையாதே?"

"சபையின் அன்பளிப்பு."

'சர்' திருப்தியடைந்தார். மூக்கு மட்டும் தம்முடையது போல் இல்லை என்றார். மார்பருகே நின்று படம் எடுத்துக்கொண்டார். கையில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டார். "கிளம்பலாமா? வெயில் ஏறுகிறது" என்று கோதண்டபாணி கெஞ்சினார். தம்மை விட்டுக் கிளம்ப 'சர்'ருக்கு மனம் வரவில்லை. மண்ராஜாவின் வயிற்றின் மேல் ஏறி நின்று, தம் வாழ்வும் கலையும் பற்றித் தாமே பேச ஆரம்பித்தார். நடுநடுவே பழைய நாடகங்களிலிருந்து ராஜா வசனம். கையை வீசினார், முழங்காலிட்டார், ஒருமுறை செத்தும் காட்டினார். படுகளம் பார்க்க வந்த கூட்டம் அமைதியாகக் கேட்டது.

"யாரும்மா இவரு?" என்றாள் ஒருத்தி.

"கோமாளிமா. வேஷம் கட்டறதுக்கு நேரம் இல்ல போலக்குது, அப்பிடியே வந்துட்டாரு."

காத்துக் காத்துப் பார்த்த மேளக்காரர்கள் வெயில் உச்சிக்கு ஏறியதும் அடித்துவிட்டார்கள். கிரீடமும் புஜக்கட்டையுமாகக் கண்ணாயிரம் ஓடி வந்தார். பின்னால், ராஜாவை வீழ்த்தும் பங்காளி வேஷம் கட்டிய தனசேகரன் கதாயுதத்துடன் துரத்தி வந்தார். இருவரும் மண்ராஜாவைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். 'சர்' கீழே இறங்கி, யார் இவர்கள் என்று கேட்டார்.

"தங்கள் ரசிகர்கள்."

"அந்தத் தடிக்காரர்?"

"தீவிர ரசிகர்."

தீவிர ரசிகர் மண்ராஜாவின் தொடையில் ஓங்கி ஒன்று போட்டார். உள்ளே புதைத்திருந்த பானை உடைந்து, குங்குமத் தண்ணீர் பீய்ச்சி 'சர்'ருடைய வெள்ளைக் கால்சட்டையை நனைத்தது. பெண்கள் குலவையிட்டார்கள். ராஜாவின் தாய் வேஷம் கட்டியவர் முறமும் துடைப்பமுமாக ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்து, கூட்டத்தைத் துடைப்பத்தால் விளாசினார். அந்த அடி பட்டால் பீடை விலகும் என்று ஜனம் முண்டியடித்தது. தையல்நாயகி முதுகைக் காட்டி ஆசையாக வாங்கிக்கொண்டாள். 'சர்'ருக்கும் பலமாக விழுந்தது.

"இது என்ன?"

"பொன்னாடைக்கு ஒரு படி மேலான மரியாதை" என்று கோதண்டபாணி மூச்சிரைக்கச் சொன்னார். 'சர்' தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை குனிந்தார்.

கடைசியில் ஜனங்கள் வீட்டுக்கு நல்லது என்று ஆளுக்கொரு பிடி மண் எடுத்தார்கள். 'சர்' தமக்குப் பிடிக்காத மூக்கைப் பெயர்த்துக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு காரில் ஏறினார். 'தம் சிலையருகே சர் ஹாக்ஸ்டன்' என்ற படம் மதராஸ் ஆங்கிலப் பத்திரிகையில் வந்தது. கோதண்டபாணியின் நட்பு அச்சில் ஏறிவிட்டது. யார் இனி அசைக்க முடியும்?

கண்ணாயிரம் கடைக்கு வந்து, "மனுவ எப்ப வாபஸ் வாங்கறீங்க மொதலாளி?" என்று கேட்டார்.

"வாங்கியாச்சி" என்றார் கோதண்டபாணி. பொய்யில்லை. பழைய மனுவை வாபஸ் வாங்கிவிட்டு அந்த இடத்தில் புதியது ஒன்று வைத்திருந்தார். அதன் சாரம்: சபை தன் செலவில் எடுத்த வெளிநாட்டு விருந்தாளியின் சிலையைக் கூத்துக் கும்பல் பயங்கர ஆயுதத்தால் தாக்கிச் சிதைத்தது. ஆகவே படுகளத்தை நிரந்தரமாகத் தடை செய்து மைதானத்தைச் சபைக்கு அளிக்க வேண்டும். அத்தாட்சி: பத்திரிகைப் படம். இரண்டின் மேலும் ஆணையிட்டவர் அவர். எழுதும்போது மனசாட்சி லேசாக உறுத்தியதாகவும், ஒரு சோடா குடித்ததும் சரியாகிவிட்டதாகவும் தெரிகிறது.

தாசில்தார் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்தார். கதவுக்கு வெளியே பிள்ளையார்பாளையமே திரண்டு நின்றது.

"சிலை யாருது?"

"எங்க ராஜாதுங்க. எங்க தாத்தா காலத்துலேருந்து செஞ்சிக்கினு வரோம்" என்றார் கண்ணாயிரம்.

"சர் ஹாக்ஸ்டனுடையது" என்றார் கோதண்டபாணி.

"பேப்பர்ல அவரு சிலைன்னுதானே போட்டுக்குது?" என்றார் தாசில்தார். "சம்பந்தப்பட்ட ஆளே பக்கத்துல நிக்கிறாரு. சிரிக்கிறாரு வேற. சர்க்கார் இத பொய்யின்னு சொன்னா இங்கிலாந்து இன்னா நெனைக்கும்?"

"ஐயா, இவரு எங்கிட்ட வந்து அம்மன் மேல ஆணையிட்டாரு..."

"அம்மன சாட்சிக்கு கூப்புட முடியாதுப்பா."

தீர்ப்பு எழுதப்பட்டது. மைதானம் சபைக்கு, இனி அங்கே படுகளம் கிடையாது. கோதண்டபாணி எழுந்து கண்ணாயிரத்தின் தோளைத் தட்டி, "கவலப்படாத. அரங்கம் தெறக்கறப்ப ஒனக்கு ஒரு ஓசி பாஸ் தரேன்" என்றார். வெற்றியிலும் பண்பாடு தவறாதவர்.

கண்ணாயிரம் தாசில்தாரைக் கும்பிட்டார்.

"ஒரு சந்தேகங்க ஐயா. அடுத்தவன் எடத்த பேச்சு மாறி எடுத்துக்கினு, ஊசி மொன அளவுகூட குடுக்கமாட்டேன்னு நின்னானே ஒரு ராஜா, அவன் எப்பிடி இருப்பான்னு ஜனம் தெரிஞ்சிக்கட்டும்னுதான் வருஷா வருஷம் அத்தினி மண்ண கொட்டி செஞ்சோம். இனிமே செய்யக் கூடாதுங்களா?"

"கூடாது."

"பரவாயில்லீங்க." கண்ணாயிரம் வெளியே நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, மேடைக் குரலில் சொன்னார்: "மண்ணு எதுக்குங்க? ஆளே உசுரோட கடைத்தெருவுல ஒக்காந்துக்கினு கீறாரு. அங்க போயி பாத்துக்கிறோம்."

தாசில்தார் சட்டென்று ஒரு ஃபைலுக்குள் குனிந்துகொண்டார். வாசலில் நின்ற கூட்டம், தையல்நாயகி உட்பட, கோதண்டபாணியைத் திரும்பிப் பார்த்தது. முகத்தை அல்ல, தொடையை. அவர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.