மூடிச் சத்தம் கேட்ட கன்றுகள்

பழுகாமத்தில் காலை ஆறு மணிக்கே நீண்ட வரிசை. ஒவ்வொருவர் கையிலும் மூடியிட்ட வாளி. எல்லோரும் பட்டிச்சாமி என்னும் பெருந்தகையைத் தரிசிக்க வந்தவர்கள்.

பசு ஈன்றதும் சுரக்கும் மஞ்சள் பாலாகிய கடும்பில் ஊர்க் கண்ணூறு முழுவதும் இறங்கியிருக்கிறதாம். குடித்தால் கன்றின் குடல் வெந்துவிடுமாம். ஆகவே கடும்பைச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் மந்திரித்த தண்ணீரை மூன்று நாட்கள் கன்றுக்குப் புகட்ட வேண்டும். சாமி காசைத் தொடமாட்டார். நஞ்சை மட்டுமே ஏற்று, தனியே சென்று வாவியில் கரைப்பார். இத்தகைய தியாகியைச் சந்தேகிப்பது பண்பன்று என்பதால் எவரும் சந்தேகிக்கவில்லை.

சாமியின் சொந்தக் கன்றுகள் மூன்றும் உருண்டு திரண்டிருந்தன. "சாமிட தண்ணிட வலுவப் பாத்தீங்களா!" என்று வரிசை வியந்தது. மற்றவர்களின் கன்றுகள் செத்தால்? "நம்பிக்க ஒள்ளம் குறஞ்சிட்டு," என்பார் சாமி, விரல் நுனியில் அந்தச் சிறிதளவைக் காட்டி.

காத்தான்குடி ஸஹீதாவுக்கு இருப்பது ஒரே பசு. கன்று இல்லாவிட்டால் அது பால் சுரக்காது. இரண்டு கன்றுகளைப் பறிகொடுத்திருந்தார். மூன்றாவது பிறந்த காலையில், பசுவைப் பார்க்க வந்த கால்நடை வைத்தியர் மெலிண்டா, ஸஹீதாவின் கையில் மூடியிட்ட கடும்பு வாளியைக் கண்டார்.

"இத எங்க கொண்டு போறீங்க?"

"சாமிக்கிட்ட, டொக்டர். நஞ்சு இது. போன ரெண்டு கண்டும் செத்துப் பெயித்து."

"கடும்பு குடிச்சா செத்த?"

"அல்லாவே, ஒரு சொட்டும் குடுக்கல்ல!"

"மறுகா என்னத்தக் குடிச்சுச் செத்த?"

போன முறை சாமி மந்திரித்துத் தந்த தண்ணீர்ப் போத்தலை ஸஹீதா எடுத்துக் காட்டினார். விடை போத்தலில் இருந்தது.

"பிறந்த கண்டுட குடல் பச்சக் குடல். அது வளர்ந்து சத்த உறிஞ்சுறதுக்கு உதவுற வளர்ச்சிக் காரணியெல்லாம் இந்தப் பாலுலதான் இருக்கு. நோயத் தடுக்கிற சத்தும் முதல் நாளைக்குள்ளதான் குடலால ரத்தத்துக்குப் போகும். மறுகா குடலுட கதவு பூட்டிரும்," என்றார் மெலிண்டா.

ஸஹீதா அரைமனதோடு கன்றைப் பசுவின் மடியில் விட்டார். அது வயிறு முட்டக் குடித்தது. மிஞ்சிய கடும்போடு இருவரும் பழுகாமம் சென்றனர்.

"சாமி, இத உங்கட கண்டுகளுக்கு முன்னால ஒருக்காத் திறக்கட்டா? நஞ்செண்டா மணத்துக்கே ஓடிருமே?" என்றார் மெலிண்டா.

"நஞ்சோட விளையாடாத பிள்ள!"

மெலிண்டா வாளி மூடியை ஒருமுறை தட்டினார். அவ்வளவுதான்.

மூன்று கன்றுகளும் கயிற்றை அறுத்துக்கொண்டு, வாலைத் தூக்கியபடி பாய்ந்து வந்தன. நடுவில் நின்ற சாமியும் மந்திரக் குடமும் ஒன்றாக உருண்டன. மூடி தெறிக்க, மூன்று தலைகள் ஒரே வாளிக்குள் முண்டின. நெடுநாள் பழக்கம் போலும்.

"சாமி," என்றார் வரிசையில் நின்ற ஒருவர், "வாவியில கரைக்கிற எண்டீங்களே, இதுதானா வாவி?"

உருண்ட குடத்தைத் தேடிக் குனிந்த சாமி நிமிரவில்லை. கன்றுகளும் நிமிரவில்லை, அவற்றுக்கு வேலை இருந்தது.

ஸஹீதாவின் கன்று இன்று வேலி தாண்டுகிறது. மூடியைத் தட்டியதுமே உள்ளே இருப்பது பால் என்று கன்றுகளுக்குத் தெரிந்தது. அந்த வாளியைச் சுமந்து வந்த பெரியோர்களுக்குத் தெரியவில்லை. மதிப்பிற்குரியவர்களே, பொறுத்தருள்க: அடுத்த வரிசையில் நிற்கும்போது, வாளியோடு மூளையையும் தயவுசெய்து எடுத்து வாருங்கள், ஆனால் அதை மட்டும் சாமியிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.