வாசல் டாக்டரும் இடது மூக்கும்

மழலையர் பள்ளி உள்ள எந்த ஊருக்கும் போய்ப் பாருங்கள். மூன்று கண்டங்களில் நான் பார்த்துவிட்டேன். பிள்ளையை உள்ளே அனுப்பிய பிறகும் வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நிற்கும் ஒருவர் தவறாமல் இருப்பார். அவர்தான் வாசல் டாக்டர். வேலை காப்பீட்டு அலுவலகத்தில். பெற்றது ஒரே ஒரு பெண். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஊரிலுள்ள அத்தனை குழந்தைகளுக்கும் அவர் நிபுணர்.

உங்கள் பிள்ளை தும்மினால் தலையணையை மாற்றச் சொல்வார். சொறிந்தால் சோப்பை. சாப்பிடாவிட்டால் வயிற்றில் பூச்சி. அள்ளி அள்ளிச் சாப்பிட்டாலும் பூச்சிதான். மருந்துக்கடைக்காரர் அவர் தலையைக் கண்டதும், "வாங்க சார், இன்னைக்கு நான் என்ன தெரிஞ்சுக்கணும்?" என்பார். வாசல் டாக்டர் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்வதில்லை. சொல்லத் தொடங்கிவிடுவார்.

இப்படிப்பட்டவருடைய நான்கு வயது மகளுக்கே மூக்கு ஒழுகினால் சும்மா விடுவாரா? முதல் வாரம் பாலை நிறுத்தினார், இரண்டாம் வாரம் பாலைத் தொடங்கித் தயிரை நிறுத்தினார், மின்விசிறியைத் திசை திருப்பினார், திரைச்சீலைகளைத் துவைத்தார், நாளொன்றுக்கு நான்கு முறை தெர்மாமீட்டரை அதன் பெட்டியிலிருந்து எடுத்து மகள் வாயில் வைத்து, அளவை ஒரு நோட்டில் சிவப்பு மையால் எழுதினார். சளி நிற்கவில்லை. இப்போது நாற்றமும் சேர்ந்துகொண்டது.

"ஒரு பக்கம் மட்டும் ஏங்க ஒழுகுது?" என்று கேட்டார் மனைவி.

"மறுபக்கம் நாளைக்கு ஆரம்பிக்கும்."

மகளும் ஏதோ சொல்லப் பார்த்தாள். "அப்பா, மூக்குல..." என்பாள். பேசக் கூடாது, வாயில் தெர்மாமீட்டர் இருக்கிறது என்பார் இவர். எடுத்த பிறகு கேட்கலாமே என்கிறீர்களா? எடுத்த பிறகு எழுத வேண்டாமா?

மூன்றாம் வாரம் ஒரு காலை, சளியில் ரத்தம் கலந்து வந்தது. மனைவி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினார். நிஜ டாக்டரிடம். இவர் நோட்டோடு பின்னால் ஓடினார்.

அந்த டாக்டர் அம்மாள் நோட்டை வாங்கி, திறக்காமல், மேசை ஓரத்தில் வைத்தார். குழந்தையைப் பார்த்து, "உனக்கு என்னடா பண்ணுது?" என்றார்.

"மூக்குல ஸ்பாஞ்ச் இருக்கு."

பிறகு ஒரு விளக்கு, ஒரு மெல்லிய இடுக்கி, அரை நிமிட அழுகை. இடது மூக்கிலிருந்து வெளியே வந்தது பட்டாணி அளவு பஞ்சு, கறுத்து, ஊறி. தெர்மாமீட்டர் பெட்டிக்குள் மெத்தைபோல் இருக்குமே, அதில் பிய்த்தது.

"யார்கிட்டயும் சொல்லலியா கண்ணு?"

"அப்பாகிட்ட சொன்னேன். வாயில கம்பி வெச்சுட்டாரு."

வீடு திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். இவர் நோட்டை மடியில் வைத்திருந்தார். மகள் மட்டும் இரண்டு மூக்காலும் மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தாள்.

இதோடு அவர் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுநாள் காலை அதே வாசல், அதே இடம். யாரோ ஒருவருடைய பையன் நொண்டிக்கொண்டு வந்தான்.

"ஒரு பக்கம் மட்டும் நொண்டுறானா?" என்று கேட்டார் வாசல் டாக்டர், குரலைத் தாழ்த்தி. "எதுக்கும் மூக்கைப் பாத்துடுங்க."

நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு சின்னக் கை உங்கள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. நீங்களும் இரண்டு முறை, "இருடா, படிச்சு முடிச்சிடறேன்" என்றுவிட்டீர்கள். அது என்ன சொல்ல வந்தது?