ஒத்துக்கொள்ளாதவன்

பால் குடித்தால் எனக்கு வயிறு உப்பும். உள்ளே யாரோ காலிப் பானையை உருட்டுகிற மாதிரி சத்தம் வரும். இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். 'ஒத்துக்காது' என்று சொன்னால் ஒருவரும் மதிப்பதில்லை. கொஞ்சமா சாப்பிடுங்க என்று கிண்ணத்தை என் பக்கமே நகர்த்துவார்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிறவன். ஒருநாள் கடைக்கு வந்தவர், பிரேமில் இருக்கும் உலோகம் தனக்கு அலர்ஜி என்றார். முதலாளி எழுந்து நின்று வேறு பெட்டியைத் திறந்தார். அன்றே முடிவு செய்தேன். இனி எனக்கு இருப்பது அலர்ஜி. சொல்லிலேயே ஒரு 'ஜி' இருக்கிறது. மரியாதை தானாக வரும்.

வந்தது. ருசி கண்டுவிட்டேன். அடுத்த மாதம் பீட்ரூட் அலர்ஜியானது. பிறகு பாகற்காய். பிறகு பூசணிக்காய். என் மனைவி ஒரு அலுவலக கேன்டீனில் தினமும் இருநூறு பேர் சாப்பாட்டை மேற்பார்வை பார்க்கிறவள். ஒவ்வொரு முறையும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். "சரிங்க" என்பாள். நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் மைத்துனியும் சகலையும் நான்கு நாள் தங்க வந்தார்கள். சகலை பஸ் ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசமாட்டார். அவருக்கு நிலக்கடலை அலர்ஜி. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் என் மனைவி வீட்டிலிருந்த கடலையை எல்லாம் வெளியேற்றி, அடுப்பு மேடையைத் தேய்த்துக் கழுவி, கரண்டி முதல் கத்தி வரை வெந்நீரில் போட்டாள். எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது. நாலு அலர்ஜிக்காரன் நான் இருக்கிறேன், எனக்காக ஒரு ஸ்பூனையாவது இப்படிக் கழுவியிருப்பாளா? கேட்டே விட்டேன்.

"உங்களுது வேற, அவருது வேற" என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது என் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை இருந்தது. வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று தெரியும். சின்னப் பொட்டலம்தானே என்று பால்கனியில் நின்று தின்று முடித்தேன். உள்ளே சகலை டிவி பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தாளியை உபசரிக்கும் ஆசை எனக்கு அன்றைக்கென்று வந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒரு ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தேன்.

இரண்டு துண்டு தின்றிருப்பார். உதட்டைச் சொறிந்தார். கழுத்தில் தடித்தடியாகச் சிவந்தது. ஏதோ சொல்ல வந்தார். குரல் கரகரத்து நின்றது. எனக்கு என்ன ஆகுமோ அதுதான் அவருக்கும் ஆகிறது என்று நினைத்தேன். வெந்நீர் குடிச்சுட்டுக் கொஞ்சம் படுங்க, அடங்கிடும் என்றேன்.

என் மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவருடைய பையிலிருந்து பேனா மாதிரி இருந்த, அலர்ஜிக்கான அவசர ஊசியை எடுத்து, பேன்ட்டோடு சேர்த்துத் தொடையின் வெளிப்பக்கம் அழுத்திப் பிடித்தாள். மைத்துனி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அவர் மூச்சை இழுக்கும் சத்தம் அந்த அறை முழுக்க இருந்தது. நான் ஆப்பிள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கண்காணிப்பில் இருக்கட்டும் என்றார்கள். கடலை தின்ற கையால் ஆப்பிள் நறுக்கியதைச் சொல்லிவிட்டேன். வராந்தாவில் மைத்துனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அத்தான், உங்களுக்கும் அலர்ஜிதானே? அப்புறம் எப்படி உங்களுக்குத் தெரியாமப் போச்சு?"



மறுநாள் காலை டாக்டரிடம் நானே போய் என் 'அலர்ஜி'க் கதையைச் சொன்னேன். அவர் நிதானமாக விளக்கினார். அலர்ஜி என்றால் உடம்பின் காவல் படை, சாதாரணச் சாப்பாட்டை எதிரி என்று நினைத்துச் சண்டைக்குக் கிளம்புவது. விரலில் ஒட்டிய தூள்கூடப் போதும், உயிரே போகலாம். எனக்கு இருப்பது ஒவ்வாமை அல்ல, ஒத்துக்காமை. பாலைச் செரிக்க என் குடலுக்குத் தெம்பு குறைவு. கொஞ்சம் என்றால் தாங்கும், அதிகமானால் உப்பும். அவதிதான், ஆபத்து இல்லை.

சகலையின் கட்டிலுக்குப் போய் என் பொய் அலர்ஜியையும் ஒத்துக்கொண்டேன்.

"ஹோட்டல்ல அலர்ஜின்னு சொன்னா சர்வர் சிரிக்கிறாங்க. எல்லாரும் இதையேதான் சொல்றாங்கன்னு. யாரு அந்த எல்லாரும்னு யோசிச்சிருக்கேன்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன்.

இத்தோடு நான் திருந்தியிருக்க வேண்டும். பாதிதான் திருந்தினேன். டாக்டர் எனக்குச் சோதனைகள் செய்து, எதற்கும் அலர்ஜி இல்லை என்றார். மற்ற காய்கள் ஒத்துக்கொள்கின்றனவா என்று பார்க்க இரண்டு வாரம் குறிப்பு எழுதச் சொன்னார். தின்றது என்ன, அது வயிற்றைச் செய்தது என்ன என்று ஒரு நோட்டில். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அலர்ஜி போனால் போகட்டும். வயிறு வலிக்கிறது என்று நான் எழுதினால், இல்லை என்று சொல்ல யாரால் முடியும்?

மனைவி சில நாட்கள் தட்டை வைக்கும்போதே அறிவித்தாள். இன்றைக்கு மசியலில் பூசணி. இன்றைக்கு சூப்பில் பீட்ரூட். நான் மனசாட்சியோடு எழுதினேன்: கடும் உப்புசம். தலைச்சுற்றல். வயிற்றில் இடி. அவள் ஒன்றும் அறிவிக்காத நாட்களில்: அருமை, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன், நல்ல தூக்கம்.

இரண்டு வாரம் கழித்து டாக்டரின் மேஜைமேல் நோட்டை வைத்தேன். மனைவி தன் கைப்பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். நாள்வாரியாக, தட்டில் உண்மையாகவே என்ன இருந்தது என்று எழுதியிருந்தாள். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் செய்தாளாம்.

டாக்டர் இரண்டையும் சேர்த்துவைத்துப் படித்தார். பூசணி என்று சொன்ன நாட்களில் தட்டில் இருந்தது உருளைக்கிழங்கு, பீட்ரூட் என்ற நாட்களில் தக்காளி. ஒன்றும் சொல்லாத நாட்களில் இருந்தது அரைத்துக் குழம்பில் கரைத்த பூசணி, பீட்ரூட், ஒருநாள் வெல்லம் போட்டுக் கசப்பை மறைத்த பாகற்காய்கூட.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வயித்துல கோளாறு இல்லைங்க. காய் பேரு காதுல விழுந்தாத்தான் உங்களுக்கு ஒத்துக்கல" என்றார்.

"சரிங்க டாக்டர்" என்றாள் மனைவி. "இனிமே பேர் சொல்லாமலே போட்டுடறேன்."