முனியம்மா பார்த்த சிறுத்தை

நிருபராக இருந்த காலத்தில் 'சிறுத்தை நடமாட்டம்: பொதுமக்கள் பீதி' என்று பலமுறை எழுதியிருக்கிறேன். ஒருமுறைகூடச் சிறுத்தையைப் பார்த்ததில்லை. பார்த்தவர் சொன்ன நிறம், நீளம், அவ்வளவுதான். (நீளத்தில் ஓரடி கூட்டிப் போட்டதும் உண்டு.) அந்தப் பாவம் ஆனேக்கல்லுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் என்னைப் பிடித்தது.

பத்திரிகையை விட்டுவிட்டு, பெங்களூரின் பழைய வனவிலங்கு அறக்கட்டளை ஒன்றில் சேர்ந்து மூன்றாவது வாரம். அந்த ஊர்ப் பாறைமேட்டில் ஒரு தாய்ச் சிறுத்தை குட்டிகளோடு இருப்பதாகத் தகவல். இருட்டுமுன் ஆடுகளைப் பட்டியில் அடைத்தால் போதும், அது தன் வழியில் போகும் என்று எங்கள் களப்பணியாளர் பசவராஜ் வருஷக்கணக்காகப் பேசி ஊரைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தார். ஊராரும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள்: பகலில் ஒருவர் கண்ணில் பட்டாலும் கூண்டு. கூண்டு வந்தால் தாய் ஓரிடம், குட்டிகள் ஓரிடம்.

அன்று மாலை, எதிரே எது அசைந்தாலும் படமெடுக்கும் கேமராவை ஒரு மரத்தில் கட்டினோம். உயரம் சரிதானா என்று பார்க்க, ஒருவர் அதன் முன்னால் நாலு காலில் நடக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுத்தான் நடக்க வேண்டும் என்பது விதி. பசவராஜ் அடுத்த கேமராவைக் கட்டப் போய்விட்டார். எனக்கு வெட்கம். யாரிடமும் சொல்லாமல், பழுப்பு ஸ்வெட்டரோடு புதரோரமாகத் தவழ்ந்தேன்.

"ஐயோ, சிறுத்தை! சிறுத்தை!"

நான்தான் முதலில் ஓடினேன். ஊருக்குள் வந்து மூச்சு வாங்கி நின்றபோது, ஆடு மேய்க்கும் முனியம்மா அலறியபடி வந்து சேர்ந்தார். பழக்கம் விடுமா? நோட்டை எடுத்தேன்.

"என்ன கலரும்மா?"

"பழுப்பு சார். இடுப்பு இம்மாம் பெருசு. நடக்க முடியாம முக்கிக்கினு போச்சு."

"சினையா இருக்கும்" என்றார் பக்கத்தில் நின்றவர். 'கர்ப்பம்' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

பஞ்சாயத்து உறுப்பினர் கூண்டு கேட்டு வன அலுவலகத்துக்கு போன் போட்டார். எடுக்கவில்லை, மறுபடி போட்டார். அதற்குள் பசவராஜ் கேமராவின் மெமரி கார்டோடு ஓடிவந்தார். போனில் செருகிப் பார்த்தார். பிறகு என் ஸ்வெட்டரைப் பார்த்தார்.

"சார், ஸ்வல்ப திரும்பி நில்லுங்க."

பதினான்கு படங்கள். பதின்மூன்றில் தவழ்கிறேன். கடைசியில் வாயைப் பிளந்துகொண்டு ஓடுகிறேன். போன் ஊர் முழுக்கக் கைமாறியது.

"அட, நீங்களா சார் அது?" என்றார் முனியம்மா. "நல்லவேள, கல்லு கைல சிக்கல."

உறுப்பினர் சிரித்த சிரிப்பில் போனைக் கட் செய்தார். எனக்குப் போன உயிர் வந்தது. மானம் வரவில்லை.

அடுத்த மாதம் அதே கேமராவில் நிஜச் சிறுத்தை விழுந்தது, பின்னால் இரண்டு குட்டிகளோடு. படத்தைக் காட்டியபோது முனியம்மா உதட்டைப் பிதுக்கினார். "இது ரொம்ப எளச்சிருக்கே. நான் பார்த்ததுதான் சார் சிறுத்தை."

அந்த நோட்டு என் மனைவியிடம் சிக்கிவிட்டது. இன்றும் கட்டிலுக்கடியில் செருப்புத் தேடி நான் மண்டியிட்டால், சமையலறையிலிருந்து குரல் வரும்:

"எத்தனாவது மாசம்?"